வடைத்திருடனின் விலாசம்

"டேய் கந்தா! எறங்கி வாடா சீக்கிரம்! போன்ல வெள்ளைக்காரன்!"

மாடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஸ்கந்தகுமார் பிரஷைக் கடித்தபடியே படிகளில் தடதடவென்று இறங்கினான்.

கூடத்தில் மாமா கங்காதரன் டெலிபோன் ரிசீவரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கொதிக்கிற எண்ணெயில் விழுந்த சாமானை எடுத்தவர்போல இருந்தது. திருத்தணியிலிருந்து அரக்கோணம் வரைக்கும் கல்யாணச் சமையல் என்றால் கங்காதரன் மாஸ்டர்தான்.

"இன்னா சொல்றான் மாமா?"

"ஒண்ணும் புரியல. ஆனா என் பேரைச் சொல்றான்டா. கங்காதரன்ங்கறான். அப்புறம் வடைத்திருடன்ங்கறான். ரெண்டையும் சேத்துச் சேத்துச் சொல்லிகினே கீறான்!"

ஸ்கந்தகுமார் வாயிலிருந்த நுரையை அப்படியே விழுங்கிவிட்டான்.

"ராங் நம்பரா இருக்கும் மாமா."

"ராங் நம்பர்ல என் பேரு எப்பிட்றா வரும்?"

ரிசீவரை வாங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நாலு வார்த்தை கிசுகிசுத்துவிட்டு வைத்தான் ஸ்கந்தகுமார்.

"நார்வேலேர்ந்து மாமா. தெரியாம பண்ணிட்டானாம்."

"அது எங்க கீது?"

"ரொம்பத் தூரம். எப்பவும் பனி பெய்யற ஊரு."

"அங்க வரைக்கும் பூடுச்சா என் பேரு?" என்று மாமா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் மாலையோடு தொங்கிய மாமனார் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உடனே எழுந்து நின்றுகொண்டார். மாமனார்தான் அவருக்குத் தொழிலும், சமையற்கட்டில் போடும் அதட்டலும் கற்றுக்கொடுத்தவர். காலமாகி வெகுநாளாகியும், அந்தப் படத்துக்கு எதிரே மாமா உட்காருவதில்லை.

விஷயம் இதுதான். ஸ்கந்தகுமார் பகலில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை டைப் அடிப்பவன். மாமா வீட்டு மாடியில் குடியிருப்பவன். ஓய்வு நேரத்தில், பழைய பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய ஒரு கம்ப்யூட்டரில், தன்னந்தனியாக ஒரு கேம் செய்திருந்தான். பெயர் 'வடைத்திருடன்'. கல்யாணச் சமையற்கட்டில் ஒல்லியான பையன் ஒருவன் சூடான வடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தொப்பையும் தலையில் கட்டிய சிவப்புத் துண்டுமாக ஒரு தலைமைச் சமையல்காரர் ஜல்லிக் கரண்டியோடு துரத்துவார். அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்து, வாழையிலைக் கட்டைத் தாண்டி, கொல்லைப்பக்க ஜன்னலில் நிற்கும் பச்சைப் பாவாடைப் பெண்ணிடம் வடையைச் சேர்த்துவிட்டால் ஜெயம்.

பச்சைப் பாவாடை, மாமாவின் மகள் பத்மப்ரியா. ஜல்லிக் கரண்டி, சாட்சாத் மாமாவேதான்.

தொப்பை மட்டும் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். குரலும் மாமாவுடையது. உறவினர் கல்யாண வீடியோ கேசட் ஒன்றிலிருந்து, "டேய், வடையை எண்ணி வெச்சிருக்கேன்டா!" என்று அவர் போட்ட சத்தத்தை அப்படியே எடுத்து கேமுக்குள் வைத்துவிட்டான். அது விளையாட்டுப் புத்தியில் செய்தது. ஆடிக் கிருத்திகை முடிந்ததும் பத்மப்ரியாவுக்கும் அவனுக்கும் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று மாமா தானாகவே வாய் திறந்தது அதற்கு அப்புறம்.

பெண் கொடுக்கப் போகிறவரைத் தொப்பையும் கரண்டியுமாக உலகமே பார்த்துச் சிரிக்கிறது என்று தெரிந்தால், தாம்பூலமாவது மாற்றுவதாவது!

"முருகா, மாமா அந்த கேம்ல தன்னைக் கண்டுபிடிக்காம இருந்தா உனக்குப் புஷ்பக் காவடி எடுக்கறேன்" என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டு, ஸ்கந்தகுமார் சைக்கிளை எடுத்தான்.

பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அதீப் அவனுடைய சிநேகிதன். வடைத்திருடன் டாட் காம் என்று வலைத்தளப் பெயரைப் பதிந்து கொடுத்தவனும் அவன்தான்.

"அதீப், மாமா நம்பர் நார்வேக்காரன் கைக்கு எப்பிட்றா போச்சு?"

"நீதானே குடுத்தே?" என்று அதீப் திரையைத் திருப்பிக் காட்டினான். "டாட் காம் பேரு யாருதுன்னு தேடிப் பாத்தா, பதிஞ்சவன் பேரு, விலாசம், போன் நம்பர் எல்லாம் வரும். யார் வேணா பாக்கலாம். தாலுக்கா ஆபீஸ் சுவத்துல ஒட்டுற ஓட்டர் லிஸ்ட் மாதிரி."

ஸ்கந்தகுமார் படித்தான். ஃபாரம் நிரப்பும்போது அவன் பொய் எழுதத் தெரியாமல் உண்மையையே எழுதியிருந்தான். அதிலும் திருத்தணிக்காரன் எழுதும் உண்மை. வெறும் கதவு எண்ணோடு நிறுத்தினால் தபால் வருமா? 'மேல் மாடி, சமையல் கங்காதரன் வீடு, தண்ணீர் டேங்குக்கு எதிரில், பச்சை கேட்' என்று அமெரிக்கக் கம்பெனிக்கு விலாவாரியாக அடையாளம் சொல்லியிருந்தான். சொந்தமாகப் போன் இல்லாததால், ஊரில் எல்லோரும் செய்வதுபோலப் பி.பி. நம்பராக, அதாவது கூப்பிட்டுத் தரச் சொல்லும் நம்பராக, மாமா வீட்டு எண். பி.பி. என்று எழுத அந்த ஃபாரத்தில் இடமில்லை. அதனால் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில், நல்ல மனதோடு, பி.பி. கங்காதரன் என்று போட்டுவிட்டிருந்தான்.

"அடப்பாவி. அப்போ உலகத்துல கேம் ஆடறவன் எல்லாம்..."

"உங்க மாமாதான் வடைத்திருடன்னு நெனைச்சுகினு கீறான்."

"மறைக்க முடியாதா?"

"மறைச்சு வைக்கறதுக்குன்னே கம்பெனி கீதாம். ஆனா வெளிநாட்டு கார்டு வேணும். உன்கிட்ட இன்னா கார்டு கீது?"

"ரேஷன் கார்டு."

அதீப் கொஞ்சம் யோசித்தான். "எங்க அத்தா ஒர்க்ஷாப் விலாசத்தைப் போடு. போனும் அங்கியே கீது. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

அரக்கோணம் ரோட்டில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருந்த அதீப்பின் அப்பா கரீமுல்லா, விஷயத்தைக் கேட்டதும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஆங், போட்டுக்கப்பா. விலாசம்தானே. தேய்ஞ்சா போவுது?"

மாமாவின் பெயரும் எண்ணும் போயின. ஸ்கந்தகுமாரின் பெயரும் ஒர்க்ஷாப்பின் விலாசமும் ஏறின. அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

கரீமுல்லாவைப்போல நல்லவர் அந்த ரோட்டிலேயே கிடையாது. வண்டி நின்றுபோய் யாராவது தள்ளிக்கொண்டு வந்தால், முதலில் மோர் கொடுப்பார், அப்புறம்தான் பிளக்கைக் கழற்றுவார். ஆனால் ஒருவரிடமிருந்து ஒரு விலாசத்தை மறைக்க வேண்டுமென்றால், அப்படிப்பட்ட நல்லவரிடம் அதைக் கொடுக்கவே கூடாது என்பது ஸ்கந்தகுமாருக்கு மறுவாரம்தான் புரிந்தது.

சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரர் மின்சார ரயிலில் வந்து, ஒர்க்ஷாப்பைத் தேடிப்பிடித்து, "ஸ்கந்தகுமார் இருக்காரா?" என்று கேட்டார். வெயிலில் வந்த மனுஷனைப் பார்த்ததும் கரீமுல்லாவுக்கு மனசு தாங்கவில்லை. மோர் கொடுத்து, தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு, பச்சை கேட் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

மாமா வாசலில் உட்கார்ந்து பூசணிக்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வணக்கம் சார். வடைத்திருடன் இந்த வீடுதானே?"

மாமா கையிலிருந்த பூசணிக்காய் கேட் வரைக்கும் உருண்டு போயிற்று.

"யா... யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"இன்டர்நெட்ல இருக்கே சார். உலகத்துக்கே தெரியுமே."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டார். மாடியிலிருந்து இதைப் பார்த்த ஸ்கந்தகுமார், துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓடிவந்தான்.

"சார், அவரு இல்ல சார். மணவூர் போயிருக்காரு."

"நீங்க?"

"நான்... மேல் மாடி."

"பரவாயில்லை, இருந்து பார்த்துட்டே போறேன்."

யாராவது வாசலில் காத்திருந்தால் அத்தை லலிதாம்பாள் சும்மா விடுவாளா? தட்டில் வடையும் டபராவில் காபியும் வந்துவிட்டன. பத்திரிகைக்காரர் ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, "வடை பிரமாதம்! இதைத் திருடாம யாரால இருக்க முடியும்?" என்று சொல்லிச் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அத்தையை ஒரு பார்வை பார்த்தார். அத்தை வேகமாக உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பத்மப்ரியா மாடிக்கு வந்தாள். "பாவா, நைனா சாப்பிடவே இல்ல. யாரோ என் மானத்தை வாங்கறதுக்குன்னே கெளம்பியிருக்கான்னு பொலம்பிகினே கீறாரு. பேசாம நீயே சொல்லிடேன்."

"சொன்னா உன்னைக் குடுப்பாரா?"

அவள் யோசித்தாள். "கரண்டியைக் குடுப்பாரு."

"அப்போ சொல்ல வேணாம்."

"ஆனா என் பாவாடையை நல்லாப் போட்டிருக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் ஸ்கந்தகுமார் தன் பெயரையும் எடுத்துவிட்டான். இனி உண்மையே வேண்டாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுப் பொய்யை உட்கார்ந்து தயாரித்தான். வரதராஜன் என்று இல்லாத ஒரு மனுஷன், இல்லாத ஒரு தெரு, இல்லாத ஒரு கதவு எண். அந்த வரதராஜனுக்கு ஒரு இனிஷியல்கூடக் கொடுத்தான்.

பெயர் பதிகிற அமெரிக்கக் கம்பெனிக்கு இல்லாத தெருவின்மேல் சந்தேகம் வந்தது. விலாசத்தைச் சரிபார்க்க ஒரு கடிதம் போட்டார்கள். வெளியூரில் அப்படிப்பட்ட கடிதம் ஆள் இல்லையென்று திரும்பிப் போயிருக்கும். திருத்தணியில் போஸ்ட்மேன் துளசிங்கம் இருந்தார். தன் கைக்கு வந்த கடிதம் அனாதையாகத் திரும்பிப் போனால் அவருக்குச் சோறு இறங்காது.

"ஸ்கந்தகுமாரூ!" என்று தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணியோடு அவர் குரல் வந்தது. "வரதராஜன்னு ஒரு ஆளே இல்லப்பா! ஊரெல்லாம் தேடிட்டேன்! அமெரிக்கா ஸ்டாம்பு, மேல டாட் காம்னு வேற போட்டிருக்கு! இந்த ஊர்ல டாட் காம்னா அது உனக்குத்தான்னு கொண்டாந்துட்டேன்!"

கேட்டைத் திறந்தது மாமா. உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்துகளை விரல் வைத்துக் கூட்டினார். "வ... டை... த்... தி..." அத்தோடு நிறுத்திவிட்டார்.

"யார்ரா கந்தா இந்த வரதராஜன்?"

"தெரியாதுங்க மாமா."

"கண்டுபிடி. நீ படிச்சவன். இவன் எனக்குத் தெரிஞ்சவன்தான்டா. சமையக்கட்டுக்கு உள்ள நின்னு பாத்தவன்தான். இல்லன்னா இதெல்லாம் தெரிய சான்ஸே இல்ல. என் கையில மட்டும் கெடைச்சான்..."

"கெடைச்சா?"

மாமா ஒரு பூசணிக்காயை இரண்டாகப் பிளந்தார்.

கடிதத்தில் இருந்தது எளிமையான செய்தி. உண்மையான ஆளும் விலாசமும் தராவிட்டால் வலைத்தளப் பெயர் பறிபோகும். உண்மையைச் சொன்னால் பெண் போய்விடும், பொய் சொன்னால் கேம் போய்விடும் என்ற நிலைமையில் ஸ்கந்தகுமார் ஒர்க்ஷாப்பில் போய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

"இதுக்கா இவ்ளோ ரோசனை?" என்றார் கரீமுல்லா. "என் பேரையே போட்டுடு. ஆளும் நெசம், விலாசமும் நெசம்."

"பாய், யாராவது வந்து நீங்கதான் திருடனான்னு கேப்பாங்க."

"கேக்கட்டுமே. பெட்ரோல் திருடன்னு சொன்னாத்தான் எனக்குக் கோவம் வரும். வடைன்னா பரவால்ல." கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இனிமே யார் வந்தாலும் உன் வீட்டுக்குக் கூட்டிகினு வர மாட்டேன். அல்லா மேல ஆணை" என்றார்.

இப்படியாக வடைத்திருடன் டாட் காம், கரீமுல்லாவின் பெயருக்கு மாறியது.

ஆடிக் கிருத்திகைக்கு ஊர் நிறையத் தொடங்கியது. மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக ஆந்திரப் பக்கத்திலிருந்தும் வேலூர்ப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காவடிக்காரர்களுக்கு அன்னதானம் சமைப்பதை மாமா வருஷா வருஷம் கைங்கரியமாகச் செய்வார். அன்று காலை அடுப்பில் அண்டா கொதிக்கிறது, சாம்பார் எல்லப்பனைக் காணோம். அவன் மட்டுமில்லை, காய் நறுக்குகிற ஆட்கள், இலை போடுகிற ஆட்கள், ஒருத்தரையும் காணோம்.

கரண்டியும் கையுமாக மாமா தேடிக்கொண்டு வந்தார். மொத்தக் குழுவும் அதீப்பின் பிரவுசிங் சென்டரில் ஒரே கம்ப்யூட்டரின் முன்னால் குவிந்து கிடந்தது.

ஓரத்தில் நின்ற ஸ்கந்தகுமார் மாமாவின் தலைத்துண்டைப் பார்த்த மாத்திரத்தில் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான்.

"ஓட்றா ஓட்றா! அண்டாவுக்குப் பின்னால போடா!" என்று எல்லப்பன் தனக்குத் தானே கத்திக்கொண்டிருந்தான்.

"டேய், வடையை எண்ணி வெச்சிருக்கேன்டா!" என்றது ஸ்பீக்கர்.

குழு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒருவன் திரும்பினான். சிரிப்பு அவனிடமிருந்து ஒவ்வொருவராக அணைந்துகொண்டே போய், கடைசியில் எல்லப்பன் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்தாதே" என்றார் மாமா. "ஆடு."

எல்லப்பன் ஆடினான். பயத்திலோ என்னவோ, இதுவரை யாரும் தாண்டாத கடைசிக் கட்டத்தை அன்று தாண்டிவிட்டான். ஒல்லிப் பையன் கரண்டிக்குத் தப்பி, கொல்லைப்பக்கம் ஓடி, ஜன்னலில் வடையை நீட்டினான். பச்சைப் பாவாடை அதை வாங்கிக்கொண்டு சிரித்தாள்.

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஜன்னல்கூட விடல" என்றார் கரகரத்த குரலில். "குரலும் அதே குரல். யார்ரா பண்ணது இதை?"

"தெரியாது மாஸ்டர்" என்றான் எல்லப்பன். "நாங்க சும்மா..."

"இனிமே நீங்கள்லாம் என்னை மாஸ்டர்னு மதிப்பீங்களாடா? அதீப்பு! உன் மெஷின்ல பேரு இருக்குமாமே. எடு!"

அதீப் மேசைக்கு அடியில் பார்த்தான். மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கைகள் கும்பிட்டன. வேறு வழியில்லாமல் தட்டினான். திரையில் அவன் அப்பா பெயர் வந்தது.

"கரீம் பாயா?"

மாமா கரண்டியோடு அரக்கோணம் ரோட்டில் இறங்கினார். "மாஸ்டர், நில்லுங்க மாஸ்டர்!" என்று குழு பின்னால் ஓடியது. கூட்டத்தோடு கூட்டமாக ஸ்கந்தகுமாரும்.

தலையில் சிவப்புத் துண்டு, கையில் ஜல்லிக் கரண்டி, கண்ணில் ஆவேசம், பின்னால் ஓடுகிற பரிவாரம். எதிரே வந்த காவடிக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். ஏதோ புதுவிதமான கரண்டிக் காவடி போலிருக்கிறது என்று எண்ணி, "அரோகரா!" என்று முழங்கிக்கொண்டு அவர்களும் திரும்பிப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஒரு பம்பைக்காரர் மாமாவுக்குப் பக்கத்தில் வந்து அடிக்கத் தொடங்கினார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி குடத்துத் தண்ணீரை மாமாவின் காலில் ஊற்றி, விழுந்து கும்பிட்டு, "பொண்ணுக்குக் கல்யாணம் ஆவணும் சாமி!" என்றாள்.

"எனக்கும் அதே கவலைதாம்மா!" என்று கத்திவிட்டு மாமா நடந்தார்.

ஒர்க்ஷாப் வாசலில் ஊர்வலம் வந்து நின்றபோது, கரீமுல்லா ஒரு கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்து மோர்ப் பானையைத் தேடினார்.

"பாய், அந்த வடைத்திருடனைப் பண்ணது யாரு?"

கரீமுல்லா பானையை விட்டுத் திரும்பினார்.

"ஆங். நான்தான்."

"உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா?"

"தெரியும். சுச்சு போட்டா எரியும்."

"இதை எதால பண்ணே?"

கரீமுல்லா கையிலிருந்ததைப் பார்த்தார். "ஸ்பேனரால."

யாரோ சிரித்தார்கள். மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்டி பிடித்த கை தாழ்ந்தது.

"என் கல்யாணத்துக்குப் பந்தல்ல ஜெனரேட்டர் போட்டவன் நீ. என் பொண்ணு பொறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டினவன் நீ. என்னைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். அதை ஊரைக் கூட்டிக் காட்டிட்டியே பாய்? போவுது. இன்னியோட உனக்கும் எனக்கும் பழக்கம் இல்ல."

கரீமுல்லாவின் கண் கலங்கியது. அல்லா மேல் ஆணையிட்டுக் காப்பாற்றுவதாகச் சொன்னது ஒரு விலாசத்தை அல்லவா? இன்னொருத்தன் வீட்டுப் பிள்ளையின் கல்யாணத்துக்காக ஆயுள் சிநேகிதத்தை மௌனமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷர்.

அதற்கு மேல் ஒளிந்திருக்க ஸ்கந்தகுமாரால் முடியவில்லை. பத்மப்ரியாவின் முகம் ஒருமுறை கண்ணில் வந்தது. போகட்டும் என்று அதைத் தள்ளிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் மாமாவின் காலில் விழுந்தான். காவடிக்காரர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துத் தாங்களும் விழுந்தார்கள்.

"நான்தான் மாமா. பாய்க்கு ஒண்ணும் தெரியாது. பேரு குடுத்தது மட்டும்தான் அவரு. எல்லாம் நான் பண்ணது. என்னை மன்னிச்சுடுங்க."

பம்பை நின்றது.

மாமா குனிந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போய், பழைய டயர்களுக்குப் பின்னால் நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். அடிக்கத்தான் போகிறார் என்று ஸ்கந்தகுமார் கண்ணை மூடிக்கொண்டான்.

"யார்ரா உனக்குச் சொன்னது?" என்று ரகசியமாகக் கேட்டார் மாமா.

"யாரும் சொல்லலைங்க மாமா."

"பாய் சொல்லல?"

"இல்லங்க மாமா."

"உங்க அத்தை?"

"அத்தைக்கு என்னா மாமா தெரியும்? நானா யோசிச்சுப் பண்ணதுதான்."

"நெசமாவா? உனக்கா தோணிச்சா? தானா?"

"முருகன் மேல சத்தியமா."

மாமா நெஞ்சு நிறைய ஒரு மூச்சு விட்டார். பூசணிக்காயை இறக்கி வைத்ததுபோல உடம்பு தளர்ந்தது.

"அப்போ போன்ல என் பேரு?"

"அது பி.பி. மாமா."

"அட, பி.பி.யா!" என்று மாமா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டேய், இது நமக்குள்ளியே இருக்கட்டும். அது யாருன்னு யார் கேட்டாலும் சொல்லாதே. இன்னா?" என்றார்.

"சொல்ல மாட்டேன் மாமா."

மாமா எழுந்து போய் கரீமுல்லாவைக் கட்டிக்கொண்டார். மெக்கானிக் உடுப்பின் எண்ணெயெல்லாம் மாமாவின் வேட்டியில் ஏறியது. "ஸ்பேனரால பண்ணானாம், ஸ்பேனரால!" என்று முதுகில் தட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கரண்டியை உயர்த்தி, "எல்லாரும் சாப்பிட வாங்க! சாம்பார் வெக்கறவன் இங்கதான் கீறான், இனிமேதான் கொதிக்கணும்!" என்றார். அரோகரா சத்தம் மலைக்கே கேட்டிருக்கும்.

அன்று பந்தியில் காவடிக்காரர்களுக்கு நடுவில் கரீமுல்லாவையும் உட்காரவைத்து, மாமாவே நின்று பரிமாறினார். வடை கேட்காமலேயே இலையில் விழுந்துகொண்டிருந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் தாம்பூலம் என்று எல்லப்பனிடம் சத்தமாகச் சொன்னது ஸ்கந்தகுமாரின் காதிலும் விழுந்தது.

சந்தோஷம்தான். ஆனாலும் அவனுக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. பந்தி ஓய்ந்ததும் வீட்டுச் சமையற்கட்டுக்குப் போனான். லலிதாம்பாள் மீந்த மாவை வடையாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, புஷ்பக் காவடி எடுக்கறேன்னு வேண்டிகினேன். எடுக்கணுமா வேணாமான்னே புரியல. மாமாவை அவ்ளோ தொப்பையும் கரண்டியுமா போட்டிருக்கேன். முழுசா பாத்தாரு. கோவமே வரலையே, எப்பிடி?"

லலிதாம்பாள் கூடத்தில் தொங்கிய தன் அப்பா படத்தை எட்டிப் பார்த்தாள். ஒரு வடையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"எங்க நைனாவோட தொப்பை, எங்க நைனாவோட கத்தல், உங்க மாமா வடையோட ஓடுன ஓட்டம்னு எல்லாத்தையும் அச்சு அசலாத்தான் போட்டிருக்கே கந்தா, ஆனா அந்த ஜன்னல்ல நான் கட்டிகினு நின்னது பச்சைப் பாவாடை இல்லடா, மஞ்சள்."